முதலில் முடித்தவள்

ஒரு வழக்கு. சுருக்கமாகச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். இரண்டாவது தடவை சொல்லப் பொறுமை இல்லை.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பில் சுடர்க்கொடி என்று ஒரு பெண். கணக்கு வாத்தியார் ஞானதுரை கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் விடையை எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நம் பள்ளிக்கூடங்களில் என்ன பரிசு? அதையேதான் அவரும் கொடுத்தார்.

“முடிச்சிட்டியா? அதையே இன்னொரு தரம் போடு.”

போட்டாள். மறுபடியும் போட்டாள். அப்புறம் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தாள். வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடமே வேண்டாம் என்று பாயைவிட்டு எழவில்லை.

அம்மா செண்பகம் தையலை அப்படியே போட்டுவிட்டுத் தலைமையாசிரியை பிரேமாவதியிடம் போய் நின்றாள். “வேற ஏதாவது குடுங்க டீச்சர். தெரிஞ்சதையே போட்டுப் போட்டுப் பிள்ளை கிறுக்குப் பிடிச்சு அலையுது.”

பிரேமாவதி நல்ல மனுஷி. அவர் அறை பீரோவில் மேல்வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் தூசி படிந்து கிடந்தன. “வகுப்புக் கணக்கை முடிச்சதும் நேரா இங்க வந்து படி” என்று சுடரிடம் சொன்னார். “கோடை லீவுல மாவட்டக் கணித முகாம் நடக்கும். காலேஜ் பேராசிரியருங்க வந்து சொல்லித் தருவாங்க. பள்ளிக்கு ஒரு பிள்ளைதான். உன் பேரை அனுப்புறேன், இது என் வாக்கு.”

ஒரு மாதம் அந்தப் பிள்ளை துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது. யாருக்குப் பொறுக்கும்? மற்ற பெற்றோர் கிளம்பி வந்துவிட்டார்கள். “அவ மட்டும் என்ன மகாராணியா? எங்க பிள்ளைகளை என்ன தவிட்டுக்கா வாங்கினோம்?”

ஞானதுரை உடனே ஒரு சட்டம் போட்டார். வகுப்பு முழுவதும் கணக்கை முடித்த பிறகுதான் யாரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கலாம். வாக்குக் கொடுத்த பிரேமாவதி அதற்கும் தலையாட்டினார். வாக்கு அப்படியேதான் இருந்தது, பீரோதான் எட்டவில்லை. ஏனென்றால் இசக்கிராஜா என்ற பையன் மணி அடிக்கிறவரைக்கும் முதல் கணக்கைத் தாண்டமாட்டான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

சுடர் பார்த்தாள். இடம் மாறி இசக்கி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு முழுவதும் சீக்கிரமே கணக்கை முடித்தது, அவளும் பீரோவுக்கு ஓடினாள். “நம்ம சட்டம் எப்படி வேலை செய்யுது பாத்தீங்களா!” என்று ஞானதுரை ஆசிரியர் அறையில் பீற்றிக்கொண்டார்.

அந்தக் குஷியில் ஒருநாள் இசக்கியைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். பயல் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஏல, நோட்டுல எல்லாம் சரியா இருக்கு. இங்க என்னல முழிக்க?”

“நோட்டுல இருக்கிறது நான் போட்டதில்ல சார். சுடர்தான் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டா. நான் தரமாட்டேன்னுதான் சொன்னேன்.”

வகுப்பு சிரித்தது. ஞானதுரை சுடர் பக்கம் திரும்பினார். “என்ன பிள்ளை, அவனைக் காப்பி அடிக்க விடுதியா?”

“அவன் காப்பி அடிக்கல சார். நான்தான் போட்டேன். அவன் முடிக்கிற வரைக்கும் என்னால சும்மா உக்கார முடியல.”

“பரீட்சையில அவ எம் பக்கத்துல இருக்க மாட்டாளே சார், அப்ப நான் என்ன செய்ய?” என்றான் இசக்கி.

“நீ வாய மூடிட்டு உக்காருல!”

முகாமுக்குப் பெயர் அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள். கணக்கு வாத்தியார் கையெழுத்து இல்லாமல் பெயர் போகாது. ஞானதுரை தீர்மானமாகச் சொல்லிவிட்டார். “வகுப்பு முன்னால என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இல்லன்னா பேனாவைத் தொடமாட்டேன். என்னை ஏமாத்தினவளை நான் எப்படி அனுப்ப?”

பிரேமாவதி கையை விரித்தார். “சட்டம்னா எல்லாருக்கும்தானே.”

வீட்டில் அப்பா கணபதி, மினி பஸ் டிரைவர், மகளிடம் கெஞ்சினார். “ஒரு வார்த்தைதானே, கேட்டுத் தொலையேன்மா. முகாம் முக்கியமில்லையா?”

செண்பகம் பாய்ந்தாள். “எதுக்குக் கேக்கணும்? வெரசா போட்டதுக்கா? என் மக மேல ஒரு தப்பும் கிடையாது. சட்டம் போட்டவரு வந்து கேக்கட்டும்!”

சுடர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

வாத்தியார், தலைமையாசிரியை, அப்பா, அம்மா. எல்லோருக்கும் அந்தப் பிள்ளைமேல் அக்கறை உண்டு. அதில்தான் எனக்கு ஆத்திரமே. சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள். சுடர் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, வேண்டாமா? கேட்க வேண்டுமென்றால், யாரிடம்?

விடை: கேட்க வேண்டும். வாத்தியாரிடம் அல்ல, இசக்கியிடம். தட்டுத் தடுமாறி அவனே போட வேண்டிய கணக்கை அவள் பறித்துவிட்டாள். அதைப் பயல் தன் வாயாலேயே சொன்னான், யாரும் காதில் வாங்கவில்லை. சரி, அவளுக்கு உரிய கணக்கை அவளிடமிருந்து பறித்தது யார்? தெரிந்ததையே திரும்பப் போடச் சொன்ன ஞானதுரை. கொடுத்த வாக்கைத் தலையாட்டியே தொலைத்த பிரேமாவதி. அவர்கள் இருவரும் சுடரிடம் கேட்க வேண்டும். ஓடுகிறவளையும் நடக்கிறவனையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டு அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைத்தால், இரண்டு பேரும்தான் விழுவார்கள். சுடருக்கு இது வியாழக்கிழமையே விளங்கிவிட்டது. இசக்கியிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். “சரி விடு, இனிமே என் நோட்டைத் தொடாத” என்றான். பெரியவர்கள் யார் யாரிடம் கேட்பது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளிக்கிழமையும் போய்விட்டது. அந்தப் பள்ளியிலிருந்து முகாமுக்கு ஒருவரும் போகவில்லை.