ராக்காயி அக்காவுக்கு மிஞ்சுன ஒத்த வார்த்த

இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா, என் நாக்குல புண்ணு வந்து, ஆயுசுக்கும் காரச் சட்னி தொட்டுக்க முடியாமப் போகட்டும். அம்புட்டும் நெசம். கண்ணால பாத்தது.

ஊசிக்கரடுன்னு ஒரு சின்னப் பாற மலை, அது மேல ஒரு மடம். மேல கூரை, சுத்தி காத்து, அம்புட்டுத்தான் மடம். ராக்காயி அக்கா அங்க குரு. எனக்கு அடுப்படி வேல.

அக்காவுக்கு அம்பது வயசு கூட ஆகல. ஆனா தல நரைச்சதுக எல்லாம் அக்கா அக்கான்னு பின்னாடியே திரியும்.

மடத்துல ஒரு பழக்கம் உண்டு. கேள்வி கேக்குறவன் அருவாமனையில உக்காந்து, காய் நறுக்கிக்கிட்டே கேக்கணும்.

"அது எதுக்குக்கா?"ன்னேன்.

"பதிலு பிடிக்கலன்னாலும் கொழம்பு மிஞ்சும்ல?"

அடடா, அந்த நாக்கு இருந்த காலம்!

ஒருத்தன் வந்தான். "நான் யாருன்னு எனக்குத் தெரியணும் அக்கா."

"பொண்டாட்டியக் கேளு. வெவரமாச் சொல்லுவா."

கண்டக்டர் நல்லமணி வந்தாரு, ரிட்டயர் ஆன கையோட. "மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுக்கா."

"ஏய்யா, நீங்க என்னைக்காச்சும் ஸ்டாப்புல பஸ்ஸ நிறுத்தியிருக்கீகளா? மனசு மட்டும் நிக்கணுமாக்கும்?"

மனுசன் சிரிச்சாரு சிரிச்சாரு, அங்கேயே தங்கிட்டாரு.

தங்குனதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. வீட்டுல சம்சாரம் ஒச்சம்மாவோட சண்ட. "என் கண்ணு முன்னாடி நிக்காமப் போய்யா"ன்னு அந்தம்மா ஒரு வார்த்த விட்டிருக்கு. இவரு நெசமாவே போயிட்டாரு.

"வான்னு ஒரு வார்த்த சொல்லட்டும், அடுத்த பஸ்ஸுல போயிர்றேன்"பாரு.

அந்த வார்த்த வரல. வருசந்தான் வந்துச்சு.

இப்படி இருக்கையில, ஒரு நா காலைல அக்கா கூடைய நீட்டி, "இந்தா, வெண்டக்கா"ன்னாங்க. அப்படியே சாஞ்சுட்டாங்க.

ஆஸ்பத்திரியில சின்ன வயசு டாக்டரம்மா ஒண்ணு ஸ்கேன் படத்தத் தூக்கிக் காட்டுச்சு. "மூளையில எடது பக்கம் ரத்தம் அடைச்சிருச்சு. பேச்சு உண்டாகுற எடம் அது. இனி மத்தவுக பேசுனாலும் வார்த்த பாதிதான் புரியும்."

"மிச்சப் பாதி?"

"குரல்ல ஏத்தம் எறக்கம் இருக்கும்ல, அழுக, சந்தோசம், பயம்? அதப் பிடிக்கிறது பெரும்பாலும் வலது பக்கம். அது நல்லாருக்கு."

"என் மண்டையையும் ஒரு படம் எடுங்கம்மா, பாத்துருவோம்"ன்னேன்.

"உள்ள எதாச்சும் இருந்தாத்தாண்ணே படத்துல விழுகும்"ன்னுச்சு. கெட்டிக்காரப் புள்ள.

வலது கை வெளங்காம, ஒத்த வார்த்தையோட அக்கா கரட்டுக்குத் திரும்பி வந்தாங்க.

"பசிக்குதாக்கா?"

"வெண்டக்கா."

"படுக்குறீகளா?"

"வெண்டக்கா."

சீடனுகள்ல பெரிய தல கொத்தனார் மேஸ்திரி அம்பலம். கண்ண மூடிக்கிட்டு வெளக்கம் குடுத்தாரு. "வெண்டக்கா வழவழன்னு இருக்கும். ஒலகத்துல ஒட்டாம வழுக்கிக்கிட்டுப் போன்னு அக்கா சொல்றாங்க."

எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டானுக.

அதோட விட்டானுகளா? மூணு வேளையும் வெண்டக்கா. பொரியல், பச்சடி, மோர்க்கொழம்பு. தட்டப் பாத்ததும் அக்கா மொகம் போற போக்கு இருக்கே! ஒரு பய நிமிந்து பாக்கல. குனிஞ்சு அர்த்தம் தேடிக்கிட்டு இருந்தானுக.

சாயங்காலமானா உக்காந்து பழச எடுப்போம். அக்கா அவனுக்கு இப்படிச் சொன்னாங்க, இவனுக்கு அப்படிச் சொன்னாங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அக்காவும் கூடச் சேந்து சிரிப்பாங்க. எதுக்குன்னு தெரியாது, ஆனா சிரிக்கிற எடத்துல சரியாச் சிரிப்பாங்க. பெறகு ஒருத்தன் மூக்க உறிஞ்சுவான். அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுப் பாயத் தேடிப் போயிருவோம்.

ஒரு நா மத்தியானம் நல்லமணிக்கு மக போன் பண்ணுச்சு.

"அப்பா, அம்மாவுக்கு நாளைக்குக் காலைல நெஞ்சக் கீறி ஆபரேசன். மதுரையில. உங்ககிட்டச் சொல்லாதன்னுச்சு. எனக்கு மனசு கேக்கல."

கடைசி பஸ்ஸு நாலு மணிக்கு. மனுசன் ஓடிப் போயி அருவாமனையில உக்காந்தாரு. எதுத்தாப்புல அக்கா.

"அக்கா, போகவா, இருக்கவா? கூப்பிடாம எப்படிப் போக? என்னப் பாத்து அவ படபடத்துப் போயிட்டா? நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆயிப் போச்சுன்னா?"

"வெண்டக்கா."

அம்பலம் உள்ள பூந்தாரு. "வழுக்கிக்கிட்டுப் போகச் சொல்றாங்க. பந்தம் ஒட்டக் கூடாது. பேசாம இரும்."

"யோவ் மேஸ்திரி, போகச் சொல்றாங்கன்னும் நீருதான் சொல்றீரு, இரும்னும் நீருதான் சொல்றீரு"ன்னேன்.

"நீ போயி ஒலையப் பாரு."

நல்லமணி பொறுக்க மாட்டாம, "அவகிட்டயே கேட்டுர்றேன்"னு போனப் போட்டாரு. காது மந்தம், எப்பவும் ஸ்பீக்கர்லதான் பேசுவாரு.

"யாரு?"

"நாந்தான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"வர வேணாம். நான் நல்லாத்தான் இருக்கேன். புள்ளைக இருக்குதுக. நீங்க எதுக்கு அலஞ்சுக்கிட்டு? பஸ்ஸுல உக்கார எடம் கெடைக்காது. வேணாம். வர வேணாம்."

வச்சிருச்சு.

நல்லமணி எங்களப் பாத்தாரு. "கேட்டீகள்ல? வேணாம்னுட்டா."

மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. ஒரு வெண்டக்காய எடுத்து நறுக்க ஆரம்பிச்சாரு.

அக்கா கண்ணுல தார தாரையாத் தண்ணி.

"என்னக்கா, கை வலிக்குதா?"ன்னேன்.

அக்கா எடது கையால நல்லமணி கையப் பிடிச்சு நிறுத்துனாங்க. பெறகு தன் வெரல அவரு போன் மேல வச்சாங்க. வாயத் தொறந்தாங்க.

"வெண்டக்கா."

நிறுத்துனாங்க. ஒச்சம்மா நிறுத்துன அதே எடம்.

"வெண்டக்கா வெண்டக்கா வெண்டக்கா."

அந்தம்மா வெரசாச் சொன்னத வெரசா. தொண்ட அடைச்ச எடத்துல அதே அடைப்பு. பஸ்ஸுன்னு சொல்லையில குரல் கீறிக்கிட்டு உள்ள போச்சுல்ல? அதே கீறல்.

கடைசியா, காத்து போன மாதிரி, மெல்லமா ஒரு தடவ. "வெண்டக்கா."

ஒச்சம்மா குரலேதான். வார்த்த மட்டும் இல்ல.

நல்லமணி அசையல. "இன்னொருக்காச் சொல்லுங்கக்கா"ன்னாரு.

அக்கா சொன்னாங்க.

மனுசன் எந்திரிச்சாரு. சட்டையப் போடக் கூட நேரமில்ல, தோள்ல போட்டுக்கிட்டுப் படியில எறங்குனாரு. அந்த வயசுல, ரெண்டு ரெண்டு படியா.

அம்பலம் மேல நின்னு கத்துனாரு. "யோவ், அந்தம்மா வர வேணாம்னுச்சுல்ல?"

கீழேருந்து சத்தம் வந்துச்சு.

"எப்பய்யா சொன்னா?"

கத அம்புட்டுத்தான். ஓசியில கேட்டுட்டு நைசா எந்திரிச்சா எப்படி? ஒரு காப்பி, ரெண்டு உளுந்த வட. வட சூடா இருக்கணும். நான் "அய்ய, அதெல்லாம் எதுக்கு, வேணாம்"பேன். அதக் கேட்டுக்கிட்டு எவனாச்சும் திரும்பி உக்காந்தீக, அம்புட்டுத்தான்.