சதுரத்துல நூத்து நாப்பத்து நாலு கல்லு

ஒரு ஊர்ல ஒரு நாள் காலையில, மணி ஆறு இருக்கும், முப்பத்தெட்டு வீட்டுக் குடமும் காலி. அந்த ஊர்ல சிட்டாத்தா, சிட்டாத்தான்னு ஒருத்தி. கல்லுத் தளம் போடுறது அவ வேலை. சதுரக் கல்லை வரிசையா பதிச்சுக்கிட்டே போவா. கேக்குறியா?

"ம்."

ஊர்க் கெணறு வத்திப் போச்சு. வண்டியெல்லாம் சாமான் ஏத்தி நிக்குது. பொழுது சாயறதுக்குள்ள தண்ணி கெடைக்கலன்னா ஊரே கெளம்பணும். அப்போதான் சத்திரத்துக் கெணறு எல்லாருக்கும் ஞாபகம் வந்துது. என்னைக்கோ அதுல ஒரு கன்னுக்குட்டி விழுந்துதுன்னு சிட்டாத்தாவோட மாமனார் மேல தளம் போட்டு மூடிட்டாரு. அப்புறம் அவரும் போய்ச் சேர்ந்தாரு, கெணறு எந்த எடத்துலன்னு தெரிஞ்சவங்க யாரும் இல்ல. சத்திரத்துக்குள்ள ஒரு தூண்ல மட்டும் வெட்டி வச்சிருந்தாரு: "வாசலுக்கு நேர் வரிசை. இந்தத் தூணுக்கும் கெணத்துக்கும் சதுரத்துல நூத்து நாப்பத்து நாலு கல்லு."

அந்த ஊர்த் தளக்காரங்க நீளத்தை நீளமா சொல்ல மாட்டாங்க. அந்த நீளத்துக்கு நாலு பக்கமும் சமமா ஒரு தளம் போட்டா எத்தனை கல்லு புடிக்கும்னு சொல்லுவாங்க.

கல்லு ஒவ்வொண்ணும் ஒரு முழம் கனம். சுண்ணாம்பு வச்சு இறுக்கினது. பொழுதுக்குள்ள மூணு கல்லுதான் பேக்க முடியும்.

கொழுந்தன் மாரப்பன் சொன்னான், "சதுரத்துக்கு நாலு பக்கம் அண்ணி. நாலால வகு. முப்பத்தாறு."

தூண்லருந்து உள்ள முப்பத்தாறு கல்லு எண்ணி, டங், டங், டங். பேத்துப் பாத்தா மண்ணு.

"உங்கப்பா சுத்து வரப்பையா சொன்னாரு? உள்ள ரொம்புற கல்லைச் சொல்லியிருக்காரு"ன்னா சிட்டாத்தா. அப்புறம் நூத்து நாப்பத்து நாலு புளியங்கொட்டையை எண்ணி எடுத்தா. பத்து வரிசை, வரிசைக்குப் பத்து. மிச்சம் கெடந்துது. பதினொண்ணு பதினொண்ணா வச்சா. இன்னும் இருபத்து மூணு மிச்சம். பன்னெண்டு வரிசை, வரிசைக்குப் பன்னெண்டு. கையில ஒண்ணும் இல்ல.

"பன்னெண்டு"ன்னா.

தூண்லருந்து உள்ள பன்னெண்டு எண்ணி, டங், டங், டங். அதுவும் மண்ணு. ம் சொல்லு.

"ம்."

அப்போ வெயில் சாஞ்சிருச்சு. வெளிய மாட்டைப் பூட்டுற சத்தம், சலங் சலங். மாரப்பன் கடப்பாரையைப் போட்டுட்டு உக்காந்துட்டான். "எங்கப்பா தப்பா வெட்டிட்டாரு அண்ணி."

"உங்கப்பா வீட்டுல உப்பைக்கூட எண்ணிப் போட்டவரு"ன்னு சொல்லிட்டு சிட்டாத்தா தூண்ல முதுகைச் சாச்சு, வாசலைப் பாத்து உக்காந்தா. "பன்னெண்டு சரிதான். எந்தப் பக்கம்னு அவரு வெட்டலையே. இந்தப் பக்கம் பன்னெண்டு போனாலும் அதே சதுரந்தான்."

"இந்தப் பக்கம் அஞ்சு கல்லுலயே வாசப்படி வந்துருதே அண்ணி."

"வந்தா தாண்டி எண்ணு."

தளக்காரங்க எப்பவும் வாசப்படியில ஆரம்பிச்சு உள்ளதான் கல்லை எண்ணுவாங்க. வெளியே எண்ணுற பழக்கமே அவங்களுக்குக் கெடையாது. மாரப்பன் வாய்விட்டு எண்ணுனான். அஞ்சு கல்லுல வாசப்படி. தாண்டி முன்வாசல் தளத்துல இன்னும் ஏழு.

"கெணறு சத்திரத்துக்குள்ளதானே இருக்கணும்?"

நீ கேக்குற மாதிரிதான் எல்லாரும் நெனச்சாங்க கண்ணு. யாரும் அப்படிச் சொல்லல.

டங், டங், டங். கடைசிக் கல்லு. வண்டியில உக்காந்திருந்தவங்க அப்படியே திரும்பிப் பாக்குறாங்க. கல்லு நகந்துது, சர்ர்ர்ர். கீழ இருட்டு. சிட்டாத்தா ஒரு புளியங்கொட்டையை உள்ள போட்டா. காது குடுத்துக் கேட்டா.

பொளக்.

"மாட்டை அவுத்து விடச் சொல்லு"ன்னா மாரப்பன்கிட்ட.

மறு வருஷம் தை மாசம் அஞ்சாம் தேதி அந்தக் கெணத்துக்கு இரும்புக் கப்பி மாட்டுனாங்க. கதை அவ்வளவுதான், கண்ணை மூடு.