தெளிவும் வேணும், வயசும் தெரியக் கூடாது

கோவில்பட்டியில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் மாடசாமி அண்ணாச்சிக்கு அன்று மணிவிழா. காலையில் தாலி கட்டியதை மாலை விருந்தில் பெரிய திரையில் போட வேண்டும். வீடியோ எடுத்து எடிட்டும் செய்யும் பொற்கொடியிடம் வந்து மீசையை நீவினார்.

“படம் பளிங்கு மாதிரி தெளிவா இருக்கணும். ஆனா என் வயசு தெரியக் கூடாது. தெரிஞ்சா, இனி இந்த மண்டபத்துப் பக்கம் உன் கேமரா வரக் கூடாது.”

“ரெண்டும் செஞ்சிரலாம் அண்ணாச்சி.”

முதலில் உச்சத் தெளிவான ஃபோர்கேயில் எக்ஸ்போர்ட் செய்து பார்த்தாள். ஹோமப் புகையில் வியர்த்து, தலைக்கு அடித்திருந்த டை அண்ணாச்சியின் நெற்றியில் கறுப்பாக ஆறாய் ஓடியிருந்தது. ரெசல்யூஷனைக் குறைத்தாள், ஆறு மறைந்தது. இன்னும் குறைத்தாள்; சுருக்கங்கள் போயின. அடிமட்டத்துக்கு இறக்கியபோது, மேகத்துக்குள்ளிருந்து இருபத்தைந்து வயது மாப்பிள்ளை ஒருவன் மிதந்து வந்தான்.

மாலையில் அவனேதான் திரையிலும் மிதந்தான். பனிக்குள் பனியாய் நின்ற ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டினான். கழுத்து மாலைகளின் பூக்களெல்லாம் வெறும் நிறங்களாய்க் கரைந்தன. கூட்டம் சாப்பாட்டை மறந்து பார்த்தது.

அண்ணாச்சி மட்டும் எழுந்து கத்தினார். “தெளிவு எங்கம்மா?”

“தெளிவானதும் தனியா வச்சிருக்கேன் அண்ணாச்சி. நெத்தியில டை வழியுறதுகூட அப்படியே தெரியும். போடட்டுமா?”

அண்ணாச்சியின் கை தானாக நெற்றிக்குப் போனது. “வேண்டாம்மா, இதுவே தெளிவாத்தான் இருக்கு.”

பக்கத்தில் இருந்த அவர் மனைவி சிரித்தார்.

“அதையும் போடு தாயி. நான் அந்த ஆளோடதானே இத்தனை வருஷமா குடும்பம் நடத்துறேன்!”