சந்தியாகு சாமியாரின் இடது கால்

சந்தியாகு சாமியார் நாற்பத்து நான்கு வருடம் ஊருக்கெல்லாம் பதில் சொன்னவர். எழுபத்து மூன்றாம் வயதில் அவருக்கே ஒரு கேள்வி வந்தபோது யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை.

பங்குக் கோயில் பொறுப்பிலிருந்து ஓய்வு கொடுத்து, கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். காலையில் பூசை வைப்பார். அதற்கப்புறம் சும்மா இருக்க வேண்டும். அது மட்டும் அவருக்குக் கைவரவே இல்லை.

இல்லத்துக்குப் பொறுப்பு சிஸ்டர் அமலோற்பவம். ஐம்பது வயது. நீட்டி முழக்கிப் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆனால் இருபத்தைந்து வருடத்தில் இருநூறு பேரையாவது குளிப்பாட்டி, ஊட்டி, கடைசியில் கண்ணை மூடிவிட்டு அனுப்பியவர். முதுமையைப் பற்றி இவருக்குத் தெரியாதது வேறு யாருக்குத் தெரியப்போகிறது என்று சாமியார் நினைத்தார். தன்னைவிட இத்தனை வயது சின்னவரிடம் பாடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு முதல் நாள், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றார்.

சிஸ்டர் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணு சொல்லித்தரணும் சிஸ்டர்."

"கேளுங்க சாமி."

"ஞானஸ்நானம் கொடுத்தேன், பூசையில நன்மை அப்பம் கொடுத்தேன், பிரசங்கம் கொடுத்தேன். இப்ப பூசை முடியறவரைக்கும் நிக்கவே முடியல. இனிமே ஆண்டவருக்குக் கொடுக்க என்கிட்ட என்ன இருக்கு?"

சிஸ்டர் கொடியிலிருந்து சாமியாரின் சாக்ஸ் ஒன்றை எடுத்து உதறினார். மடித்து அவர் கையில் வைத்தார்.

"நாளைக்குப் பாதம் கழுவுற பன்னெண்டு பேர்ல நீங்களும் உட்காருங்க."

"நான் கழுவுறவன் சிஸ்டர்."

"நாளைக்குப் பங்குலேர்ந்து ஜெரால்டு சாமி வர்றார். அவர் கழுவட்டும்."

"நான் கேட்டது வேற..."

"இன்னொண்ணு. காலைக் கழுவிட்டு வந்துடாதீங்க."

அதைக் கேட்டதும் சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீடர்களின் பாதங்களை இயேசு கழுவியதை நினைத்து வருடத்துக்கு ஒருமுறை செய்வது அது. அதற்கென்று தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரும், அவர் பார்த்த ஊர்களிலெல்லாம், முந்தின நாளே தேங்காய் நாரும் சோப்பும் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நகம் வெட்டுவார்கள். சிலர் பவுடர்கூடப் போட்டுக்கொண்டு வந்ததுண்டு. சாமியார் தொடுகிற காலில் அழுக்கு இருக்கலாமா? நாற்பத்து நான்கு வருடத்தில் அந்தத் தாம்பாளத்துத் தண்ணீர் நிறம் மாறி அவர் பார்த்ததில்லை.

அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து இடது கால் சாக்ஸைக் கழற்றினார்.

பெருவிரலுக்குக் கீழே புண். மூன்று வாரமாக ஆறவில்லை. சர்க்கரைக்காரர் என்பதால் வலியும் தெரியவில்லை. காலுக்கு என்ன என்று சிஸ்டர் இரண்டு முறை கேட்டபோது கால் ஆணி என்று மழுப்பியிருந்தார். அவரோடு குருப்பட்டம் பெற்ற ஒருவர் இதே மாதிரிப் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போய், முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லாமல் திரும்பி வந்தார். அப்புறம் தூக்கி உட்காரவைக்க, துடைத்துவிட, எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கை வேண்டியிருந்தது. சந்தியாகு சாமியாருக்குச் சாவைப் பற்றி அவ்வளவாகப் பயமில்லை. அந்தக் கைகளுக்குத்தான் பயந்தார்.

பழந்துணியால் புண்ணை இறுக்கிக் கட்டி, சிஸ்டர் கொடுத்த சாக்ஸை மாட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் வலது காலை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவினார். எல்லாக் கோயிலிலும் வலது காலைத்தான் கழுவுவார்கள். தலை தப்பியது என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலப் பூசையில் பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சாமியார் எட்டாவது. ஜெரால்டு சாமியாருக்குப் பட்டம் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முழங்காலிட்டு, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டால் துடைத்து, அடுத்தவரிடம் நகர்ந்தார். தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு சிஸ்டர் கூடவே வந்தார்.

எட்டாவது ஆளின் வலது கால் பளபளவென்று இருந்தது. கழுவித் துடைத்தாயிற்று. ஜெரால்டு சாமியார் நகர்ந்தார்.

சிஸ்டர் நகரவில்லை.

தாம்பாளத்தைச் சாமியாரின் இடது காலுக்கு முன்னால் வைத்துவிட்டு, அந்தக் காலையே பார்த்தபடி இருந்தார். பாட்டு முடிந்துவிட்டதால் பாடகர்கள் மறுபடி முதல் அடியிலிருந்து பிடித்தார்கள். ஜெரால்டு சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. தயங்கித் திரும்பி வந்தார்.

சந்தியாகு சாமியார் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். காது மடல் சுட்டது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். பாட்டு இரண்டாம் தடவையும் முடியப் போனது.

பிறகு, குனிந்து தானே சாக்ஸைக் கழற்றினார். கட்டையும் அவிழ்த்தார்.

வாடை எழுந்தது. ஜெரால்டு சாமியாரின் கை வெடுக்கென்று பின்னால் போனது. ஒரு கணம்தான். திரும்ப வந்து குதிகாலைத் தாங்கித் தண்ணீர் ஊற்றியது. அது சிஸ்டர் கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீர். அந்த வெதுவெதுப்பு ஜெரால்டு சாமியாரின் விரலுக்குத்தான் தெரிந்தது. இடது காலுக்குச் சூடு தெரிந்து வெகுநாள் ஆகிறது.

தாம்பாளத்துத் தண்ணீர் நிறம் மாறியது. சந்தியாகு சாமியார் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்தபோது வாசலில் ஆட்டோ நின்றிருந்தது. அதையும் சிஸ்டர் முன்னமே சொல்லிவைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கால் போயிருக்கும் என்றார் டாக்டர். ஈஸ்டர் முடிந்து பத்து நாள் கழித்து இல்லத்துக்குத் திரும்பினார். இரண்டு பேர் தூக்கித்தான் கட்டிலில் உட்காரவைத்தார்கள்.

சிஸ்டர் மருந்துத் தட்டோடு வந்தார்.

"எப்படித் தெரிஞ்சது?"

"மூணு வாரமா கொடியில உங்க சாக்ஸ் ஒத்தையாத்தான் தொங்குது, சாமி. இன்னொண்ணு துவைக்கவே வர்றதில்ல."

சாமியார் தலையணைக்கு அடியிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தில் அவர் கேள்வி மட்டும் இருந்தது.

"இதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

சிஸ்டர் அவர் காலைத் தன் மடிமேல் எடுத்துவைத்துக் கட்டை அவிழ்த்தார்.

"ஜெரால்டு சாமி அன்னிக்கு ராத்திரியே ஃபோன் பண்ணாரு. 'கையை இழுத்துட்டேன் சிஸ்டர்'னு அழுதாரு. மாசா மாசம் முதல் வெள்ளிக்கு, நோயாளிங்க இருக்கிற நாப்பது வீட்டுக்கு நன்மை அப்பம் கொண்டுபோறவர். படுக்கையில கிடக்கிறவங்க பக்கத்துல உட்காரப் பயந்து, நின்னுட்டே கொடுத்துட்டு வந்துடுறாராம். புண்ணுக்குக் கட்டுப்போடக் கத்துக்கணுங்கிறாரு."

"நல்லதுதானே. சொல்லிக்கொடுங்க."

"நாளைக்கு எட்டு மணிக்கு வர்றார். கத்துக்க அவருக்கு ஒரு கால் வேணும், சாமி. கொடுங்க."