உப்பளத்து வீட்டுப் பச்சை

செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், உப்பளத்து ஓரக் குடிசையில் பேச்சிக்கனி என்று ஒருத்தி இருந்தாள். வெளியே கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் வெள்ளை உப்பு. ஒரு புல் முளைக்காது. வீட்டுக்குள்ளாவது பச்சை இருக்கட்டும் என்று, மலையடிவாரத்திலிருந்து ஒரு செடியைக் கொண்டுவந்து சன்னலோரம் உறியில் வைத்தாள். புல்லைப் போல நீண்ட இலைகள். அதற்குப் பேர்கூடக் கிடையாது.

உப்பு வாரிவிட்டு வந்து கைகால் கழுவுகிற தண்ணீரைத் தினமும் அதற்குத்தான் ஊற்றுவாள். “எனக்குச் சோறு போடுற உப்பு, உனக்கும் போடும்” என்பாள். ஆசையாக ஊற்றுகிறவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? செடி வாயை மூடிக்கொண்டது. இலை நுனியெல்லாம் கருகியது. பாவம், அத்தனை மரியாதை அதற்கு!

இனித் தாங்காது என்றானதும், உறிக்கயிற்றில் குடியிருந்த சிலந்தியிடம் சொன்னது: “நான் போனாப் போறேன். எங்கிட்ட ஒரு பிள்ளை இருக்கு. கீழ கூரை ஒழுகுற இடத்துல பானை இருக்குல்லா, அதுல மழைத்தண்ணி குடிச்ச மணல் கிடக்கு. பிள்ளையை அங்க சேர்க்கணும். எனக்குக் கால் இல்லையே.”

“எங்கிட்ட நூல் இருக்கு” என்றது சிலந்தி. ஒவ்வோர் இலையின் நடுவிலும் நூலை ஓட்டி, மிஞ்சியிருந்த உயிரையெல்லாம் இழுத்து, ஒரே கொடியாகத் திரித்தது.

பேச்சிக்கனி வேலை முடிந்து வந்தபோது அந்தக் கொடி மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நுனியில் விரலளவு குட்டிச் செடி. குட்டி நூலில் சிக்கித் தவிக்கிறது என்று நினைத்து அரிவாளை எடுத்தாள்.

“எக்கா, வெட்டிராத! பிள்ளை மண்ணைப் பிடிக்கிற வரைக்கும் தாய்தான் ஊட்டணும்” என்று சிலந்தி கத்தியது. “உன் உப்புத்தண்ணியில அவளே செத்துக்கிட்டு இருக்கா.”

அரிவாள் நழுவி விழுந்தது. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தாயி!” என்று அழுதாள். மூன்று கல் நடந்து சுமந்து வந்த குடிதண்ணீரை அப்படியே உறிச்சட்டியில் ஊற்றினாள். அன்றைக்குத் தாகத்தோடு படுத்தாள்.

பத்து நாள் கொடியைத் தொடவில்லை. பதினோராம் நாள் குட்டி மண்ணைப் பிடித்திருந்தது. மேலே தாயிடமும் புது இலை! பேச்சிக்கனி கைகூப்பிவிட்டுத்தான் கொடியை வெட்டினாள்.

அன்று முதல்தான் அதற்குச் சிலந்திச் செடி என்று பேர்; சிலந்தி ஓட்டிய நூல் அதன் இலையில் வெள்ளைக் கோடாக ஓடுகிறது. பிள்ளைகளை அது கொடியில் இறக்குகிறது. வேர் பிடித்த பிறகே நாமும் வெட்டுகிறோம். உப்புத்தண்ணீர் ஊற்றினால் இன்றும் அது ஒரு வார்த்தை சொல்லாது. நுனி மட்டும் கருகும்.