வலிக்காத மெத்தை

ஒரு உடம்பு இருந்தது. ஊர்க்காரர்கள் அதை மாசிலாமணி அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். பாத்திரக்கடைக்காரர், தங்கமான மனுஷன். ஊசியைக் கண்டால் மட்டும் வெலவெலத்துப் போவார்.

அந்த உடம்பின் ரத்தத்தில் சர்க்கரை ரௌடி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. இடது கால் சுண்டுவிரலில் ஒரு புண், ஆறவே மாட்டேன் என்றது. "இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் சொன்னதைச் சுண்டுவிரல் தன் காதாலேயே கேட்டது. விரலுக்கு ஏது காது என்று கேட்காதீர்கள். தலைக்கு மேல் கத்தி தொங்கினால் யாருக்கும் காது முளைக்கும்.

"தினமும் இன்சுலினை அனுப்புறாங்களே, எங்கதான் போய்த் தொலையுது?" என்று அது அழுதது.

"எனக்கென்னப்பா தெரியும்? நான் பாட்டுக்குச் சுத்திக்கிட்டிருக்கேன்" என்று சர்க்கரை இளித்தது.

அண்ணாச்சி தினமும் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில்தான் ஊசி போடுவார். குத்திக் குத்தி அங்கே கொழுப்பு திரண்டு மெத்தையாகிவிட்டது. அந்த மெத்தை இருக்கிறதே, உபசாரத்தில் படு கெட்டி.

"வாங்க இன்சுலின் சார், உக்காருங்க. அதுக்குள்ள எங்க கிளம்புறீங்க?"

"சர்க்கரையைப் பிடிக்கணுமே..."

"அது எங்க ஓடிடப் போகுது? கொஞ்சம் சாயுங்க."

இன்சுலின் சாய்ந்தது, தூங்கியும் விட்டது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். கூடுதலாக வந்த மருந்தும் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. மெத்தையில் குத்தினால் வலிக்காது என்பதால் அண்ணாச்சிக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம்.

என்னமோ இடிக்கிறதே என்று டாக்டர் அவரை லூர்தம்மாளிடம் அனுப்பினார். சர்க்கரை நோயாளிகளைக் கவனிப்பதற்கென்றே படித்த நர்ஸ் அவள்.

"ஊசி எங்க போடுறீங்க அண்ணாச்சி? சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க."

"இங்கதான் சிஸ்டர். வலியே இல்ல, அருமையான இடம்!"

லூர்தம்மாள் விரல்களால் வயிற்றை மெல்லத் தடவினாள். மெத்தை மூச்சை அடக்கிப் பார்த்தது. மாட்டிக்கொண்டது.

"அடேங்கப்பா! மருந்து மொத்தமும் இங்கல்ல குடித்தனம் பண்ணுது! இனிமே இந்த இடத்தைத் தொடக் கூடாது. தினமும் இடத்தை மாத்தி மாத்திப் போடணும்."

மெத்தை குழைந்தது. "நான் யாருக்காவது வலி குடுத்திருக்கேனா சிஸ்டர்?"

"அதனாலதான் உன்மேல சந்தேகமே வந்தது."

அண்ணாச்சி வீராப்பாக ஊசியை எடுத்தார். லூர்தம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லுங்க! இதே அளவு புது இடத்துல இறங்கினா சர்க்கரை அடியோட இறங்கி, மயக்கம் போட்டு விழுவீங்க. டாக்டர்கிட்ட கேட்டுக் குறைச்சுட்டு வரேன்."

அளவு குறைந்தது. புது இடத்தில் ஊசி இறங்கியது.

"ஐயோ! சுருக்குன்னு குத்துதே!" அண்ணாச்சி போட்ட கூச்சல் பாதம் வரைக்கும் கேட்டது.

"கத்துங்க முதலாளி, நல்லாக் கத்துங்க!" என்று துள்ளியது சுண்டுவிரல். "இன்னிக்குத்தான் மருந்து நெஜமாவே கிளம்பியிருக்கு!"