ஊன்றிப் பார்

“தாயீ, இந்தப் பயத்தை மட்டும் எடுத்து விட்டுடுங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றார் சடையப்பர்.

பூவாத்தாள் மலையிடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே மேகம் நிறைந்து, பள்ளம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

சீடருக்குத் தலை முழுக்க நரை. குரு பூவாத்தாளுக்கு அவர் மகள் வயதுதான். இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் பேசுவார்.

எதிர்மலைக் குகையில் சடையப்பருடைய அக்கா தவம் இருந்தார். தம்பி விட்ட ஒரு வார்த்தையால் பல வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. இப்போது அக்காவுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லையாம். தம்பியைக் கேட்கிறாராம்.

போவதற்கு ஒரே வழி, செங்குத்துப் பாறையை ஒட்டி ஓடும் ஒற்றையடித் தடம். சடையப்பருக்கோ ஏணியில் நாலு படி ஏறினாலே தலை சுற்றும். நேற்றே கிளம்பி, பாதியில் திரும்பிவந்துவிட்டு ராவெல்லாம் அழுதார்.

பூவாத்தாள் இரண்டு மூங்கில் தடிகளை நீட்டினார்.

“ஊன்றிப் பாருங்க ஐயா.”

சடையப்பர் தடத்தில் இறங்கினார். பின்னாலேயே குருவும் வந்தார்.

கொஞ்ச தூரம்தான். பல்லி மாதிரி பாறையோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தவருக்குக் கால் வழுக்கியது. ஒரு கல் உருண்டு மேகத்துக்குள் போனது. விழுந்த சத்தமே கேட்கவில்லை.

“ஊன்றிப் பாத்துட்டேன் தாயீ. தடியும் கைவிட்டிருச்சு.”

“ஊன்றினீங்க. பாக்கலையே.”

அப்போதுதான் அவர் கண்ணைத் திறந்தார். இரண்டு தடியும் பாறைப் பக்கமே இருந்தன. விழுகிற பக்கத்தில் ஒன்றும் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

“ஒண்ணைப் பள்ளத்துப் பக்கம் ஊன்றுங்க.”

“அதுக்கு அந்தப் பக்கம் பாக்கணுமே.”

“ஆமா.”

பார்த்தார்.

மேகம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, அவர் காலுக்குக் கீழே, ஒரு பருந்து வட்டமிட்டது. பறக்கிற பறவையின் முதுகை அவர் அதுவரை பார்த்ததில்லை. அது அவ்வளவு பழுப்பாக, அவ்வளவு அமைதியாக இருந்தது.

தடத்தின் விளிம்பில் தடி கல்லைத் தொட்டு நின்றது. முதுகு நிமிர்ந்தது. பாதம் தரையைப் பிடித்துக்கொண்டது.

நடந்தார். மேகம் எழும்பி முழங்கால் வரை மூடியது, பிறகு விலகியது. தான் நடக்கிறோமா, எதிர்மலை தன்னை நோக்கி நடந்து வருகிறதா என்று அவருக்கே தெரியவில்லை.

“பயம் போகலையே தாயீ.”

தோளில் கிடந்த துண்டை யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது தெரிந்தது. அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

“விட்டுடுங்க தாயீ. நான் விழுந்தா உங்களால தாங்க முடியுமா? உங்களையும் சேத்து இழுத்துட்டுப் போயிருவேன்.”

“தாங்கறதுக்கு யாரு பிடிச்சா?”

திரும்பிப் பார்த்தார். துண்டின் நுனியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, குரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“நான் இந்தத் தடத்துல கால் வெச்சதே இல்லைங்க ஐயா. நீங்க பாத்து நடங்க.”